முதலியார் பேசாத தமிழ்

— அப்ப போறதில்லை எண்டு முடிவோ?

— முடிவு.

— கோட்டு போட்டிருக்கிறியள். டை கட்டியிருக்கிறியள். சப்பாத்தில முகம் பார்க்கலாம். முன்கதவை மட்டும் உள்ளால பூட்டிப்போட்டுக் கதிரையில இருக்கிறியள். கலியாணத்தண்டு மாப்பிள்ளைக்கு மனம் மாறின வீட்டிலதான் நான் இப்பிடிக் கண்டிருக்கிறன்.

— பூட்டின வீட்டுக்குள்ள நீர் எப்பிடி வந்தனீர், பிறிஜெற்?

— குசினிக் கதவால. நான் ஒண்டும் கேக்க வரேல்ல, ஐயா. பக்கத்து வீட்டுக்காரி எண்ட முறைக்கு உங்கட கோப்பையைத் தந்திட்டுப் போக வந்தனான்.

— இது என்ர கோப்பை இல்லை.

— அப்ப ஆற்றயோ? அதைப் பிறகு விசாரிப்பம். தெருவில முதலியார்ர கார் நிக்குது. டிறைவர் ஹோன் அடிச்சுக் களைச்சுப்போய் ஸவாஹிர் நானாட கடையில சோடா குடிக்கிறார். பள்ளிக்கூட வளவில சனம் இருக்க வாங்கு போட்டாச்சு. எலெக்சனுக்கு முந்திக் கொட்டாஞ்சேனையில இதுதான் கடைசிக் கூட்டம். கவர்னர் கையால பட்டம் வாங்கின சிங்கள முதலியார் வந்து சிங்களத்தில பேசுவார். வசனத்துக்கு வசனம் பக்கத்தில நிண்டு தமிழ் சொல்லுற கொன்ஸ்ரன்ரைன் ஐயா இஞ்ச பூட்டிக்கொண்டு இருக்கிறார். நான் ஒண்டும் கேக்கேல்ல. ஆனா ஏன்?

— சுகமில்லை எண்டு சொல்லிவிடும்.

— வருத்தத்துக்குப் பேர் கேப்பினம். பேரில்லாத வருத்தமெண்டா, மனுசி போன பிறகு தனிய இருந்து ஆளுக்கு மூளை தட்டிட்டுது எண்டு நானே சொல்ல வேண்டி வரும். என்ர வாய் சும்மா இராது. உங்களுக்குத் தெரியுந்தானே.

— தெரியும்.

— ராவில ஆரோடயோ கதைக்கிறியள் எண்டும் சொல்லவேண்டி வரும். எங்கட சுவர் மெல்லிசு.

— றெஜினாட படத்தோட கதைக்கிறனான். அது குற்றமோ?

— குற்றமில்லை. அவ உயிரோட இருக்கேக்க இவ்வளவு கதைச்சிருக்கலாம். சரி, முதலியார் ஏதும் மரியாதையில்லாமப் பேசினவரோ?

— சீ. அவர் தங்கமான மனுசன். றெஜினா வருத்தமாக் கிடந்த நேரம் தன்ர டொக்டரை அனுப்பினவர். அடக்கத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில பிடிச்சுக்கொண்டு, கடைசிப் பிடி மண் போடுமட்டும் வெயிலில நிண்டவர். அப்பிடி ஒராள் வந்து, ஒரு உதவி வேணும் எண்டு கேக்கேக்க, மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

— பிறகென்ன கரைச்சல்?

— இது குறுக்கு விசாரணையோ?

— ஓம். கோர்ட்டில இருந்தவர்தானே, மறுமொழி சொல்லுங்கோ.

— முப்பது வருசம் நீதவானுக்கு முன்னால மொழிபெயர்க்கிற இன்ரப்பிரற்றரா நிண்டனான், பிறிஜெற். கள்ளன் சொன்னதையும் கொலைகாரன் சொன்னதையும் பொலிசுக்காரன்ர பொய்யையும் ஒரு சொல் கூட்டேல்ல, குறைக்கேல்ல. ஒருக்கா ஒருத்தன் நீதவானைப் பார்த்துத் தூஷணம் பேசினான். அதையும் சொன்னனான்.

— நீதவானுக்கோ? இங்கிலீசிலயோ?

— நல்ல இங்கிலீசில.

— அந்தோனியாரே! அதை எனக்குப் பிறகு சொல்லித் தாங்கோ.

— அப்பிடி நிண்ட நான், இந்த எலெக்சன் தொடங்கினதில இருந்து ஒரு கூட்டத்திலயும் முதலியார் சொன்னதைச் சொல்லேல்ல.

— என்ன?

— முதல் கூட்டம் கொச்சிக்கடையில. நல்லாத்தான் தொடங்கினவர். பழைய ராசாக்கள், குளங்கள், புத்தர் கோயில் தாதுகோபங்கள். அதெல்லாம் அச்சொட்டாச் சொன்னனான். பிறகு சொல்லுறார்: இந்த நாடு ஒரு வீடு. வீட்டுக்காரர் நாங்கள். கடலால வந்தவை விருந்தாளியள். விருந்தாளிக்குச் சோறு போடுறது எங்கட பழைய பண்பு. ஆனா விருந்தாளி விறாந்தையில இருக்க வேணும், அறைக்குள்ள வந்து பாய் விரிக்கப்படாது. சொல்லிப்போட்டு, ம், சொல்லும் எண்டு சிரிச்சுக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

— நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— முன்வாங்கில ஒரு பொம்பிளை. மடியில பிள்ளை நித்திரை. முந்தானையால விசுக்கிக்கொண்டு என்ர வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறா. எனக்கு அந்தச் சொல் வெளியில வரேல்ல. இந்த நாடு ஒரு வீடு, இதில எல்லாருக்கும் அறை இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.

— கை தட்டினம்.

— தட்டினனீங்கள். காது அடைச்சுப்போச்சு. அதோட பழகிப்போச்சு. யாவாரமெல்லாம் அந்நியன்ர கையில எண்டு அவர் சொன்னா, கடைகாரரும் கஷ்டப்பட்டு உழைக்கிற சனம் எண்டு நான் சொன்னன். முகத்துவாரத்தில தாதுகோபம் திருத்திக் கட்டுறதைப் பற்றி நீட்டி முழக்கினார். மீன்காரச் சனம் கொட்டாவி விட்டுது. தெருவுக்குத் தெரு தண்ணிக் குழாய் வரும் எண்டு சொன்னன்.

— அந்தக் குழாய் உங்கட குழாயோ! எழும்பி ஆடாத குறை, ஐயா.

— சிரியாதையும். அங்கதான் பிழைச்சது. திரும்பி வரேக்க காருக்குள்ள முதலியார் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறார்: கொன்ஸ்ரன்ரைன், தமிழ்ச் சனத்துக்கு எங்கட தாதுகோபத்தில இவ்வளவு பக்தி இருக்குமெண்டு நான் கனவிலும் நினைக்கேல்ல. மனுசனுக்குக் கண் கலங்கிப்போச்சு.

— ஐயோ பாவம்.

— அடுத்த கூட்டத்தில தாதுகோபம் நீண்டது. விருந்தாளிக் கதையும் நீண்டது. கை தட்டுகினம், அப்ப அவைக்கும் இது சம்மதந்தான் எண்டு நினைக்கிறார். முதலில எங்களை விறாந்தையிலயெண்டாலும் விட்டவர். இப்ப வாசல் படலையடிக்குக் கொண்டுவந்திட்டார். நான் சீனி போடப் போட அவர் கசப்பைக் கூட்டுறார், பிறிஜெற். நான் வாய் திறவாம இருந்திருந்தா அந்த மனுசன் கொச்சிக்கடையோட நிறுத்தியிருப்பார்.

— நீங்களும் தமிழன் எண்டது அவருக்கு நினைவில்லையோ?

— அதுதான் இன்னும் மோசம். கூட்டம் முடியத் தோளில தட்டி, உம்மைச் சொல்லேல்ல கொன்ஸ்ரன்ரைன், நீர் எங்கட ஆள் எண்டுவார். அன்பாத்தான் சொல்லுவார். வீட்டை வந்து விளக்குக் கொளுத்தின பிறகும் அந்தக் கை தோளில இருந்து இறங்காது. உம்மைச் சொல்லேல்ல எண்டா, ஆரைச் சொல்லுறார்? உம்மை, பிறிஜெற். ஸவாஹிரை. மாதம்பிட்டிச் சவக்காலையில கிடக்கிற என்ர மனுசியை.

— நேர கேட்டிருக்கலாமே?

— தொப்பியைக் கழற்றி வெயிலில நிண்ட மனுசனிட்டயோ?

— அதுவும் சரிதான்.

— மேடையில நிண்டு, எல்லாருக்கும் அறை இருக்கு எண்டு சொல்லேக்க, ஒரு நிமிசம் எனக்கே அது மெய் போல இருக்கும். பிறகு அவர் அடுத்த வசனத்தைத் தொடங்குவார். அந்த வளவு நிறைய சனம். ஆனா ரெண்டு பக்கமும் விளங்கினவன் நான் ஒருத்தன். அதில நிக்கிற தனிமை உமக்கு விளங்காது.

— எனக்கு எங்க விளங்கப்போகுது. சொல்லுங்கோ.

— நேற்று இண்டைய பேச்சைச் சொன்னவர். எவன்ர பாட்டன்ர எலும்பு இந்த மண்ணில இருக்கோ அவன்தான் இந்த நாட்டுக்காரன், மற்றவனுக்கு வோட்டு என்னத்துக்கு? அதிலதான் முடிப்பன், நீரும் நல்லா உரத்துச் சொல்லும் எண்டவர்.

— உங்கட பாட்டன்…

— தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டினவர். ஒரு சோழகக் காத்தில தோணியோட போனவர்தான். எலும்பு இஞ்சயுமில்லை, அங்கயுமில்லை. என்னைப் பெத்த ஐயா மாதம்பிட்டியில, றெஜினா மாதம்பிட்டியில. அதெல்லாம் செல்லாது. பாட்டனைத்தான் கேக்கிறார்.

— கடலுக்குள்ள போய்த் தேடச் சொல்லுங்கோ.

— காலமையில இருந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு பார்த்திட்டன். எல்லா வசனத்துக்கும் மாத்தி ஒரு வசனம் கிடைச்சுது. இதுக்குக் கிடைக்குதில்லை. உள்ளபடி சொன்னா, என்ர வாயாலயே உங்களையெல்லாம் வெளியில துரத்துறன். மாத்திச் சொன்னா, நாளையிண்டைக்கு நீங்களெல்லாம் வரிசையில நிண்டு அவர்ர நீலப் பெட்டிக்குள்ள வோட்டைப் போடுவியள். எலெக்சனில நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறத்தில பெட்டி வைச்சிருக்க, நீலம் மாதாவின்ர நிறம் எண்டு நான்தானே உங்களுக்குச் சொன்னனான்.

— அதுவும் அவர் சொன்னதில்லையோ?

— பழைய ராசாக்களின்ர கொடி நீலம் எண்டவர்.

— நல்ல மொழிபெயர்ப்பு.

— அதால கதவைப் பூட்டினனான். அவர் தனியச் சிங்களத்தில பேசிப்போட்டுப் போகட்டும். உங்களுக்கு ஒண்டும் விளங்காது. உங்களுக்கும் நோகாது.

— நான் ஒண்டும் கேக்கேல்ல ஐயா, ஆனா ஒரு கேள்வி. நான் எங்க பிறந்தனான்?

— முகத்துவாரத்தில.

— என்ர அம்மா ஆரோட இருந்து மீன் வித்தவ?

— சிங்களச் சனத்தோட. அது சந்தைச் சிங்களம், பிறிஜெற். கீயத எண்டு விலை கேக்கிறதும், பலயங் எண்டு ஆளைத் துரத்துறதும். இது மேடைச் சிங்களம். படிச்சவன் பேசுறது.

— எந்தச் சிங்களத்தில துரத்தினாலும் துரத்துப்படுறவனுக்கு விளங்கும், ஐயா. கொச்சிக்கடையில முதலியார் ஆகந்துகயோ எண்டார். எனக்கு அந்தச் சொல் தெரியாதுதான். எங்கட பக்கம் கையை நீட்டின விதம் தெரியும். பின்வாங்கில இருந்து ஸவாஹிர் நானா குனிஞ்சு சொன்னார்: "விருந்தாளி எண்டு செல்றார், பிறிஜெற். பதினஞ்சாம் ஆண்டுக் கலவரத்தில எங்கட வாப்பாட கடயப் பத்தவெச்ச ஆக்களும் இந்தச் சொல்லத்தான் சென்ன."

— அவருக்கும் விளங்கினதோ?

— காலமையில இருந்து பொழுதுபடுமட்டும் சிங்களத்தில யாவாரம் பண்ணுற மனுசனுக்கு விளங்காதோ? முகத்துவாரத்தில கொட்டாவி விட்டவை விளங்காம விட்டவை எண்டோ நினைச்சனீங்கள்? விளங்கினபடியாத்தான் விட்டவை.

— முப்பது வருசம்! என்ர முன்னால நிண்டவன் எல்லாம், சிங்களம் தெரியாது, தமிழில சொல்லுங்கோ எண்டு கேட்டவங்களே!

— நீங்கள் தமிழில சொல்லி முடிக்குமட்டும் மறுமொழியை யோசிக்கலாம். என்ர மனுசனே ரெண்டு தரம் உங்களுக்கு முன்னால அப்பிடி நிண்டவர். சிங்களத்தில சண்டை பிடிச்சதுக்குத்தான் அவரைப் பிடிச்சதே.

— என்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சிருக்கிறியள்.

— முதல் நாள் சிரிச்சம். பொய் சொல்லமாட்டன். இப்பவும் தெரியாத மாதிரித்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். இன்ரப்பிரற்றர் ஐயா முதலியார்ர வாய்க்குள்ள வேற நாக்கு வைச்சு விட்டிருக்கிறார் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொன்னதும் நான்தான். அதைக் கேட்டுத்தான் ரெண்டாம் கூட்டத்துக்குச் சனம் கூடினது. பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல.

— அப்ப வோட்டு?

— அவருக்கோ? எங்களுக்கென்ன விசரோ? வெள்ளைக்காரன் பொம்பிளையளுக்கும் வோட்டுத் தந்தது அதை முதலியாருக்குக் குடுக்கவோ? கார் அனுப்பினா ஏறுவம். ஓசிக் காரை ஆர் விடுவினம்? இறங்கிப்போய் மஞ்சள் பெட்டியில போடுவம்.

— மஞ்சள் பெட்டிக்காரர் மட்டும் உங்களுக்கு என்ன செய்யப்போறார்?

— ஒண்டும் செய்யார். அவர் எங்களைப் பற்றி வாயே திறக்கேல்ல. நல்லதும் சொல்லேல்ல, கெட்டதும் சொல்லேல்ல. இப்ப எங்களுக்கு அதுவே பெரிசு. டிறைவர் சோடாவை முடிச்சிட்டார். எழும்புங்கோ. திறப்பு எங்க?

— மேசையில. பொறும், பிறிஜெற். ஒண்டுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுத் திறவும். அவர் சொல்லுறது விளங்குது. நான் சொல்லுறது பொய்யெண்டு தெரியுது. வோட்டும் போடமாட்டியள். பிறகு ஏன் வேலையால வந்த களையோட ஓடிவந்து வாங்கில இடம் பிடிக்கிறியள்? ஏன் அப்பிடிக் கை தட்டுறியள்?

— எங்களைப் பற்றி அந்த மேடையில நிண்டு நல்லதா ஒரு பொய் சொல்லவும், உங்களை விட்டா எங்களுக்கு ஆர் ஐயா இருக்கினம்?