வலப்பக்கம் இருந்த வாள்

— அசையாதீங்கன்னா கேக்கணும். கத்தரிக்கோல் காதுல பட்டா அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.

— வெட்டித் தொலை, தோமே. எவ்வளவு நேரம் அந்தக் குடுமியையே புடிச்சுக்கிட்டு நிப்ப?

— தெனமும் எண்ணெய் தடவி முடிஞ்சுவிட்ட கைங்க. சட்டுனு வருமா? ம்... ஆச்சு.

— குடு இங்க. ஹூம், இம்புட்டுதானா? இதுக்காடி எங்கப்பனும் பாட்டனும் சாமுராய்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சாங்க?

— இப்படித் திரும்புங்க. பரவால்ல, போலீஸ்காரர் மாதிரிதான் இருக்கீங்க. இனிமேலாவது தினையோட கொஞ்சம் அரிசியும் வேகட்டும்.

— நாட்டையே ஆண்ட ஷோகன் போனாரு. நம்ம பிரபு டோக்கியோவுக்குப் போயிட்டாரு. கோட்டையைப் பிரிச்சு வெறகுக்கு வித்துட்டாங்க. நான் தொப்பியப் போட்டுக்கிட்டு எதைக் காக்கப் போறேன்? விடு. காலையில உங்கப்பாவைப் பாத்தியா?

— கஞ்சி குடுத்துட்டுத்தான் வந்தேன்.

— அவரோட வாளை வாங்க வர்றது நான்தான்னு சொன்னியா?

— சொன்னேன். மொத நாள் வேலையே இதுதாம்ப்பா, உங்க மாப்பிள்ளையைத்தான் அனுப்புறாங்கன்னேன்.

— குதிச்சிருப்பாரே. வாள் வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தப்ப, என் வாளைக் கேட்டு வர்றவன் உசுரோட திரும்ப மாட்டான்னு சந்தையில நின்னு கத்தினவராச்சே.

— இப்ப சத்தமே இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ‘கன்பெய் உள்ள வரும்போது வாள் எனக்கு வலப்பக்கம்தான் இருக்கும்’னாரு.

— வலப்பக்கமா? அவர் வாயாலயா?

— ஆமாங்க.

— அப்பாடா! ராத்திரி பூரா நான் கண்ணை மூடலடி. இடப்பக்கம் இருந்தா, உக்காந்தவாக்குலயே வலது கை உருவி ஒரே வீச்சா வீசிடும். அந்தக் கை வேகம் எனக்குத் தெரியாதா? கத்துக் குடுத்தவரே அவர்தானே. வலப்பக்கம் வெச்சா, உன்மேல கோவமில்லன்னு அர்த்தம். மாமா என்னை மன்னிச்சுட்டாரு.

— தனியாவா போறீங்க?

— பின்ன? துப்பாக்கிக்காரங்களைக் கூட்டிட்டுப் போனா அவருக்கு எவ்வளவு அவமானம்! தனியாப் போயி மண்டி போட்டு, நெத்தி தரையில படக் கும்பிட்டுட்டு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன்.

— தலையைக் குனிஞ்சா?

— பொண்ணு குடுத்தவருக்குக் குனியாம? அரசாங்க வேலைக்கு மனுப் போட்ட அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நானும் வீம்புக்கு அந்த வாசலை மிதிக்கல. எல்லாத்துலயும் அலுத்துப் போச்சு தோமே, இந்த ஒண்ணாவது சரியாகட்டும். ஏன் அழுவுற? குடுமிக்கா?

— இல்ல.

— முடிதானே, போவுது போ. அந்தத் தொப்பிய எடு. காத்துக்கிட்டு இருப்பாரு.

— உக்காருங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

— என்னத்தை?

— போன பனிக்காலத்துலயே அவருக்கு வலது கை வெளங்காமப் போச்சுங்க. அன்னியிலேர்ந்து வாளை இடது கையாலதான் உருவிப் பழகறாரு.