சாந்தோம் கேட்டில் கிடைத்த ரயில் பச்சை

அவைக்குத் தலைமை தாங்கும் ஷண்முகப்ரியா அம்மையார் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து கோபாலபுரம் வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ரயில் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடும் ரயில் ரசிகர் மன்றத் தோழர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

புத்தம் புது மின்சார எஞ்சின். அதற்கு நாற்பது ஆண்டுக்கு முந்தைய கரும்பச்சைச் சட்டை! நம் மன்றத்துக்கு ஏன் இந்த ஆசை? ஜீன்ஸ் போடும் பேத்திக்குப் பொங்கலன்று பட்டுப்பாவாடை கட்டிப் பார்க்கிறோமே, அதே ஆசைதான்.

ஆனால் எந்தப் பச்சை? மாவிலைப் பச்சையா? வாழையிலைப் பச்சையா? பழைய காலண்டர் படத்தைப் பார்த்து மன்றத்தின் சார்பில் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் அடியேன். வெயிலில் சாயம் வெளுக்கும் என்று முப்பது ஆண்டு அறிவியல் பாடம் நடத்தியவன், வெளுத்த படத்தை நம்பினேன்! சிரியுங்கள், சிரியுங்கள். என் மாணவர்களும் சிரித்தார்கள்.

ரயில்வே பணிமனையில் வண்ணப் பிரிவை நடத்தும் கரோல், அந்த நிறத்தை ஒரு தகட்டில் பூசிக் காட்டினார். அவர் பொறுப்பேற்ற முதல் எஞ்சின் இது. அங்கேயே வண்ணம் பூசி ஓய்வுபெற்ற அவருடைய தந்தை ஃபிரெட்ரிக் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எஞ்சினா, ஆஸ்பத்திரி செவுரா?"

பணிமனை அதிகாரி குருபிரசாத் கறாராகச் சொல்லிவிட்டார்: "சரியான நிறத்துக்குச் சான்று வேணும். நாளைக்குள்ள வரலேன்னா வழக்கமான பெயின்ட்தான்."

கரோலின் முகம் வாடியது. ஃபிரெட்ரிக் மென்று விழுங்கினார்.

"நம்ம ஊட்டு கேட்ல கீதும்மா."

"எது டாடி?"

"அந்தப் பச்ச. டப்பா அடியில மிஞ்சுனது. யாரையும் கேக்காம எத்துக்கினு வந்து பூசிட்டேன்."

"நம்ம கேட் நீலமாச்சே!"

"அதெல்லாம் மேல பூசுனது."

சாந்தோமில் அந்த வீட்டு கேட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் புதுப்பூச்சு. கரோல் சுரண்டினார். நீலம் போனது, சாம்பல் வந்தது. சாம்பல் போனது, சிவப்பு வந்தது. சிவப்பும் போனது... வந்ததையா, வெயில் தொடாத கரும்பச்சை!

கேட்டைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுபோனார்கள். ஃபிரெட்ரிக் தலைகுனிந்து நின்றார்.

"தப்புதான் சார். கவர்மென்ட் பெயின்ட்."

அதிகாரி அந்தப் பச்சையை விரலால் தடவினார். "தப்பா? நாற்பது வருஷம் பத்திரமா வச்சிருந்து திருப்பிக் குடுத்திருக்கீங்க! கரோல், எங்க கையெழுத்துப் போடணும்?"

தோழர்களே! வேகம் புதிது, விசை புதிது, தண்டவாளமும் புதிது. அந்த எஞ்சின் மேனியின் நிறம் மட்டும் ஃபிரெட்ரிக்கின் கைகளுக்குத் தெரிந்த நிறம். அதை மகள் பூசியிருக்கிறார். நாளைக் காலை அது புறப்படுகிறது!

ஐயா ஃபிரெட்ரிக், மூன்றாம் வரிசையில் ஏன் ஒளிகிறீர்கள்? எழுந்து நில்லுங்கள், ஊர் பார்க்கட்டும்! கைதட்டுங்கள் அன்பர்களே, இன்னும் பலமாக!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. கூட்டம் முடிந்ததும் சாந்தோமுக்கு வாருங்கள், கரோல் டீ போடுகிறாராம். கேட் இன்னும் பணிமனையில்தான் இருக்கிறது. யாரும் தட்ட வேண்டாம், நேரே உள்ளே வரலாம். வணக்கம்!