தலைக்கு மட்டும் கையெழுத்து

ஸ்காபரோ பஸ்ஸில் யாருடைய ஈரக் கோட்டிலிருந்தோ அந்துருண்டை மணத்தது. செத்தவீட்டுக் கற்பூரம் நினைவில் மூண்டது. முன்னிருக்கையில் ஒரு மனைவி கணவன் கையிலிருந்த படிவத்தைக் காட்டிச் சீறினாள்.

"செத்தாப்பிறகு தலையை மட்டும் வெட்டி உறைய வைக்கக் கையெழுத்துப் போட்டிட்டியளோ?"

"ஓம். ஒருநாள் திரும்ப உயிர் குடுப்பினம். மூளை மட்டும் இருந்தாக் காணும்."

"முழு உடம்பையும் வைக்கலாமெண்டு உந்தப் பேப்பரிலை கிடக்கே!"

"இந்த முழங்காலும் இடுப்பு நாரியும் திரும்ப ஆருக்கு வேணும்?"

"அதுக்கு முப்பது வருசமா எண்ணெய் பூசினது நானெல்லே! மிச்சத்தை எரிக்க என்னட்டைத் தருவினம். வாய் இல்லாமல் வாய்க்கரிசியை எங்கை போடுறது?"

அவர் யன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தார். அவள் வேலைக்கு இறங்கும் நிறுத்தம் வந்தது. எழுந்தவள் திரும்பினாள்.

"தலை கண்முழிக்கேக்கை என்னைத் தேடாதேங்கோ. நான் முழுசா எரிஞ்சு போயிருப்பன்."