வாத்தியாரின் உள்ளங்கை

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்குப் போகும் மாட்டுவண்டியில் எனக்கு எதிரே பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஒரு பட்டு நெசவாளியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம்பையன் இனிமே இஸ்கூலுக்கு வரமாட்டான் வாத்தியாரய்யா. கர்லாக்கட்ட சுத்தி சுத்தி கை காச்சிப்போச்சு" என்றார் நெசவாளி.

"நல்லதுதானே? ஒடம்பு உறுதியாவும்."

"ஒடம்பு உறுதியாவும், தறியில பாவு நூலு அறுந்துபூடும். சொரசொரன்னு இருக்கிற கையில பட்டு நூலு மாட்டிகினு வருதுங்க."

"நான் என்ன பண்றது? பிள்ளைங்க, வாத்தியாருங்க எல்லாருமே ஒடம்புக்குக் கசரத்து பண்ணணும்னு வெள்ளைக்கார துரை உத்தரவு."

"எல்லாருமா? எங்க, கைய குடுங்க."

வாத்தியார் நீட்டினார். நெசவாளி அந்த உள்ளங்கையைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கையால பட்டு நெய்யலாம்."

நானும் என் மெத்தென்ற கைகளை மடியில் மறைத்துக்கொண்டேன்.

வாத்தியார் கையை இழுத்துக்கொண்டார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்னாலேயே நடந்து வந்தார். ஆரணிக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.

நெசவாளி வண்டிக்காரனிடம் சொன்னார்: "மெதுவா ஓட்டுப்பா. அவரு நடந்தே ஊரு வந்து சேரட்டும். கர்லாக்கட்ட வாணாம், ஓடற கசரத்துன்னா பையன இஸ்கூலுக்கு அனுப்பறேன்."