அர்ச்சனை செய்த வாடகைக் கார்

...இல்லைத் தம்பி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கோ. பன்ரண்டு மணிக்குக் காரைத் திருப்பித் தரச் சொன்னா, பன்ரண்டுக்கே கொண்டுவந்து குடுக்கிறதோ? எங்கட மனுசன் குலசேகரத்தார் குடுத்தவர்! தன்ர தாலி கட்டுக்கே பிந்தி வந்த மனுசன், கார் வாடகைக்காரனுக்கு மட்டும் அரிச்சந்திரன். இப்ப இன்னும் ஒரு நாள் தாங்கோ எண்டு கேட்டா, கவுண்டரில இருக்கிற பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுது, அந்தக் காரை அடுத்த ஆள் புக் பண்ணியாச்சாம். அந்த அடுத்த ஆள் நீங்கள்! முகுந்த் எண்டு கூப்பிட்ட உடன தமிழெண்டு விளங்கிட்டுது. இந்தியாவோ? சென்னையோ? நல்லது, நல்லது. இருங்கோ, காரைத் துடைச்சுத் திறப்பு, அதான் உங்கட சாவி, தர இன்னும் நேரம் கிடக்கு. நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

எங்கட மகள் மேனுஷாவுக்கு ஜெர்மனியில இருந்து ஒரு சம்பந்தம். பொடியன் தர்சிகன், தாய் கலாவதி. பொம்பிளை பாக்க வந்தவை லண்டனைப் பாத்ததுதான் கூட! எங்கட பழைய டீசல் காரை, புகை விடுற காருக்கு லண்டனில நாளாந்தம் அறவிடுற அந்தப் புகைக் காசு கட்ட ஏலாமல் போன வருசமே வித்தாச்சு. சம்பந்திமாரை எங்கட நோர்பரி வீட்டில இருந்து பஸ்ஸிலயோ ஏத்திக்கொண்டு திரியிறது? அதான் இந்த ஏழு சீட் காரை எடுத்தது. வாடகைக் கார் எண்டு நான் சொல்லேல்லை. பொய் இல்லைத் தம்பி... சொல்லேல்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் டவர் பாலம் பாக்கோணும் எண்டினம். நிப்பாட்ட இடமிருந்தாத்தானே! இவர் கோயில் வீதி சுத்தின மாதிரிச் சுத்திக்கொண்டே இருந்தார். மற்ற நாள் பிறைற்றன். கடற்கரையில மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல்லு. "ஏன் தவநாயகி, வீடு கட்டப் பறிச்ச கல்லோ?" எண்டு கலாவதி அக்கா கேக்கிறா. என்னவோ நான்தான் லொறியில கொண்டுவந்து கொட்டின மாதிரி! பிறகு ஸ்ரோன்ஹெஞ்ச், அந்தப் பழங்காலக் கல்லுத் தூணுகள். அங்க போய் எல்லாத்தையும் சுத்திப் பாத்திட்டு, "மூலஸ்தானம் எங்கை?" எண்டா.

திரும்பி வரேக்க கோயிலுக்குப் போனம். அங்கதான் எனக்குச் சனியன் பிடிச்சது. கலாவதி அக்கா காரைத் தடவிப் பாத்திட்டு, "புதுசு போல, இன்னும் பூசை செய்யேல்லையோ?" எண்டா. ஐயரையும் பக்கத்தில வச்சுக்கொண்டு, "உது வாடகை அக்கா" எண்டு சொல்லுவனோ? சரியெண்டன். சில்லுகளுக்குக் கீழ எலுமிச்சம்பழம், பொனற்றில சந்தனம், குங்குமம், முன்னால தேங்காய்... ஆற்ர பேருக்கு அர்ச்சனை எண்டு ஐயர் கேட்டார். கார்க் கொம்பனியின்ர பேருக்கோ செய்யிறது? அதுக்கு என்ன நட்சத்திரம்? வாயில வந்தது பிள்ளையின்ர பேர். "மேனுஷா, உத்தரட்டாதி" எண்டிட்டன்.

வீட்டை வந்து தேத்தண்ணி குடிக்கேக்க கலாவதி அக்கா சொல்லுறா, "பிள்ளையின்ர பேரில அர்ச்சனை செய்தபடியா, கார் பிள்ளைக்குத்தானே? நாங்கள் சீதனம் கேக்கிற ஆக்கள் இல்லை. நீங்களா மனமுவந்து தாறதை வேண்டாமெண்டும் சொல்லமாட்டம்." பெருந்தன்மையைப் பாத்தியளோ! நான் ஓம் எண்டன். ஓம் தம்பி, நானேதான், இந்த வாயாலதான்! இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதை கேள்விப்பட்டிருப்பியள். நான் இரவல் சேலையையே சீதனமாக் குடுத்திட்டன்.

அந்தச் சந்தோசத்தில அவை பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டினம். இவருக்கு அது கணக்கில்லை, காரைக் கொண்டுவந்து குடுத்திட்டார். இண்டைக்குப் பின்னேரம் பிளைட். "எங்கட காரிலயே போவம்" எண்டு அவ பெட்டியோட விறாந்தையில இருக்கிறா. எங்கட காராம்! கார் சேர்விசுக்குப் போட்டுது எண்டு சொல்லிப்போட்டு, பஸ் பிடிச்சு இங்க குரோய்டனுக்கு ஓடி வந்திருக்கிறன்.

இண்டைக்கு ஒரு நாள் விட்டுத் தாங்கோ தம்பி. என்ன, உங்கட மனிசிக்குப் பிறைற்றன் பாக்க ஆசையோ? அதான் சொன்னனே, கல்லு! கலியாணத்துக்குப் பிறகு காருக்கு என்ன செய்யிறதோ? அதைப் பிறகு பாப்பம். எடுத்த எடுப்பிலயே எல்லாத்தையும் யோசிச்சா ஒரு நல்ல காரியமும் நடக்காது.

என்ன கேட்டனீங்கள்? பிள்ளை என்ன சொல்லுறாவோ? காரைப் பற்றியோ?

ஓ... பொடியனைப் பற்றி.

அது... மூண்டு நாளும் அவள் கடைசிச் சீட்டில இருந்தவள். நான் முன்னுக்கிருந்து கலாவதி அக்காவின்ர முகத்தைத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தன், பிடிச்சிருக்கோ, பிடிக்கேல்லையோ எண்டு. பிள்ளையின்ர முகத்தை ஒருக்காலும் பாக்கேல்லை. கேக்கவுமில்லைத் தம்பி. சொல்ல வெக்கமாக் கிடக்கு.

பொறுங்கோ. இந்தா, பிள்ளைக்குப் போன் எடுக்கிறன்...

ஹலோ, மேனுஷா? மேல அறைக்குப் போய்க் கதை பிள்ளை. கதவைச் சாத்து... கார்க் கதையை விடு. உனக்கு அந்தப் பொடியனைப் பிடிச்சிருக்கோ?... மேனு?... அழாதை. அழாதையடி. நான் கேட்டிருக்கோணும்... இல்லையில்லை, நீ ஒண்டும் சொல்லவேண்டாம். நான்தானே ஓம் எண்டனான், நானே வந்து இல்லையெண்டும் சொல்லுறன். போனை வை.

...

தம்பி, காரை நீங்களே கொண்டு போங்கோ. ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கோ. கலாவதி அக்காவும் மகனும் நோர்பரியில இருந்து ஹீத்ரோ எயார்போட்டுக்கு எந்த ரெயினில மாறிப் போறதெண்டு, உங்கட போனில ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.