பராமரிப்புக் குறைபாடு அல்ல

உங்கள் போலீஸ் ஜீப்பில் விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறது. வரும் வழியெல்லாம் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஓட்டுநரிடம் சொன்னேன். "அது பழகிடுச்சுங்க" என்றார். பழகிப்போவதுதான் பிரச்சினையே. இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து முறுக்கினால் முடிந்தது.

சரி, உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். படித்துவிட்டேன். என் தங்கையின் கணவர் இறந்தது விபத்து என்கிறது. காரணம், பழைய டீசல் காரில் பராமரிப்புக் குறைபாடு. பராமரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் போட மாட்டேன். இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் கைபட்டுப் போன வண்டியைப் பற்றி இப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை எடுக்க வேண்டுமென்றால் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

டீசல் இன்ஜினுக்கு வயதானால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேயும். மேலே வெடிக்கும் வாயுவில் ஒரு பங்கு அந்த இடுக்கு வழியாகக் கீழே, எண்ணெய் இருக்கும் அறைக்குள் நழுவும். புத்தகத்தில் அதை ப்ளோ-பை என்பார்கள். நான் மூச்சு என்பேன். மூச்சு வெளியேற வழி வேண்டும்; அடைத்தால் சீல்களைப் பிய்த்துக்கொண்டு எண்ணெய் வரும். அதனால் கம்பெனியில் ஒரு ரப்பர் குழாய் வைத்து, இன்ஜின் காற்று இழுக்கும் பாதையிலேயே அதைச் சேர்த்துவிடுவார்கள். தன் மூச்சைத் தானே திரும்பக் குடித்துக்கொள்ளும். புது இன்ஜினுக்கு அது சரி. கிழட்டு இன்ஜினின் மூச்சில் எண்ணெய்ச் சாரல் அதிகம்.

மாப்பிள்ளை அந்தக் காரை வாங்கி வந்த அன்று, இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து அதன்மேலேயே வைத்தேன். நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கும். இதில் துள்ளிக் கீழே விழுந்து சக்கரத்துக்கு அடியில் உருண்டது. "டான்ஸ் ஆடுது மச்சான்" என்று சிரித்தார்.

நான் குழாயை நடுவில் வெட்டி ஒரு தகர டப்பாவைப் பொருத்தினேன். உள்ளே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். எண்ணெய் நாரில் தங்கிவிடும், காற்று மட்டும் மேலே போகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வீட்டுக்குப் போய் டப்பாவின் அடித் திருகைத் திறந்து வடிப்பேன். அரை டம்ளர் வரும். எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறு தவறவில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். இதற்கா குறைபாடு என்று பெயர்?

மாப்பிள்ளைக்குக் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை. வரும் வண்டிகளின் குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளும் மேஜை வேலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. கெட்ட மனிதர் இல்லை. என் தங்கையை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் நகக்கண்ணில் அழுக்குப் படாத அந்த மனிதர் எனக்கு இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுப்பார். ஒரு மதியம், கூட வேலை செய்யும் இருவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். நானும் இருந்தேன். "எங்க மச்சான் என் காரை ஆஸ்பத்திரிக் கிழவனாக்கிட்டாரு. துப்புறதுக்கு டப்பா கட்டி விட்டிருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டாள், ஆனால் சிரித்தாள். நானும் கூடவே சிரித்துவிட்டு, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த ஞாயிறு டப்பா காரில் இல்லை. வாசலில் பழைய செருப்புகளோடு கிடந்தது. குழாய் கம்பெனிக்காரன் வைத்த இடத்துக்கே போயிருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. காற்றுப் பாதையில் எண்ணெய் தேங்கும், ஒரு நாள் ஏற்றத்தில் மொத்தமாக உள்ளே போகும், பிறகு டீசலே தேவையில்லை, தன் எண்ணெயையே குடித்து ஓடும், சாவியை உருவினாலும் நிற்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுதா?" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "விடுங்க மச்சான். நீங்க ஆயிலை மட்டும் மாத்திக் கொடுங்க, போதும்" என்றார்.

ஆயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

எண்ணெய் பார்க்கும் கம்பியில் இரண்டு கோடு உண்டு. மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும், மூச்சு அதை அள்ளிக்கொண்டு மேலே போகும். நான் மேல்கோட்டுக்கு மேல் ஒன்றரை லிட்டர் ஊற்றினேன். கை தவறி அல்ல, அளந்து ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு கம்பியைத் துடைத்து அதன் இடத்தில் செருகினேன். அவர் அதை உருவிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். அந்த வாய்ப்பை நான் பறிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் வாகன ஆய்வாளர் காற்றுப் பாதையில் எண்ணெயைப் பார்த்ததும் குறைபாடு என்று எழுதிவிட்டார். எவ்வளவு ஊற்றினேன் என்று அவர் இனிமேல் அளக்க முடியாது. எல்லாம் எரிந்து போயிற்று. நான் சொன்னால்தான் உண்டு.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் சொல்லிப் புரியாததை இன்ஜின் சொல்லிப் புரியவைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இது தவறு என்றால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற எல்லோரையும் நீங்கள் பிடித்துவர வேண்டும்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. ரேடியேட்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். பேச்சுக்கு முன்னால் சத்தம் வந்தது. நிற்கிற வண்டியில் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று ஓட வேண்டிய இன்ஜின் ஐந்தாயிரத்தைத் தாண்டி அலறும் சத்தம். ஏற்றத்தின் உச்சியில் காரை ஓரங்கட்டியிருந்தார். சாவி கையில் இருக்கிறது, இன்ஜின் நிற்கவில்லை, சாலை முழுக்க வெள்ளைப் புகை என்றார். தங்கை எங்கே என்று முதலில் கேட்டேன். தூரத்தில், பாலத்துச் சுவருக்குப் பின்னால் நிற்கவைத்திருப்பதாகச் சொன்னார். அவர் மட்டும் போனெட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

நிறுத்தும் வழி எனக்குத் தெரியும். உள்ளே ஏறி உட்கார்ந்து, பிரேக்கை முழுக்க மிதித்து, ஐந்தாம் கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் திணறி அடங்கிவிடும். பிறகு பட்டறையில் உட்கார்ந்து இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆறு வினாடிதான் ஆகிறது.

மாப்பிள்ளை சொன்னது இது. "மச்சான், நீங்க சொன்னதுதான் சரி. டப்பாவைக் கழட்டினது என் தப்பு. எப்படி நிறுத்துறதுன்னு சொல்லுங்க."

தங்கை உங்களிடம் சொன்னது காகிதத்தில் இருக்கிறது. அவர் போனில் அதையே திரும்பத் திரும்பக் கத்தினாராம். அந்த இரைச்சலில் அண்ணனுக்கு, பாவம், எதுவும் கேட்கவில்லையாம். அதற்குள் இன்ஜின் உடைந்து இரும்பு பறந்துவிட்டதாம். சுவருக்குப் பின்னால் நின்றவளுக்கு அப்படித்தான் தோன்றும். அதனால்தான் நேற்றும் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் போனில் சொன்னது ஒன்றுதான். "சரியா கேக்கல மாப்ளே. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை, 'நீங்க சொன்னதுதான்' என்பது வரைக்கும் வந்தார்.

இரைச்சலால் கேட்கவில்லை என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். எனக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டது.