ஆறாம் நம்பர் ரெடி

ஸ்டேஷன் டீ நல்லா இருக்குங்க ஐயா. எங்க கேன்டீன் டீ குடிச்சுப் பழகின நாக்குக்கு இதெல்லாம் விருந்து. அந்த டீக்காகவே சங்கத்து சார்பா மூணு மனு எழுதியிருக்கேன். மூணாவது மனுவுக்கு அப்புறம் டம்ளர்தான் சின்னதாச்சு.

மேஜை மேல வச்சிருக்கீங்களே, அது நல்ல ஸ்பிரிங். ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்குன்னு வந்தது. ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான், என் டிராயர்ல வச்சதும் நான்தான். இதுல மறைக்க ஒண்ணுமில்ல. நான் அங்க ஃபிட்டர், சங்கத்துக்குச் செயலாளர். பதினாறு வருஷமா ரெண்டு வேலையையும் ஒருத்தர் ஒரு குறை சொல்லாதபடி பார்த்தவன். ஏன் மாட்டலைன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன். நடுவுல நிறுத்தாம கேட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் வேலை சுலபம்.

நாங்க கதவுக் கீல் செய்றோம். இரும்புத் தகட்டை பிரஸ்ஸுக்குள்ள வைக்கணும், கையை வெளிய எடுக்கணும், இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு இருக்கிற ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கணும். அப்பத்தான் மேல இருக்கிற அச்சு இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள மாட்ட வழியில்லையே, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. கண்டுபிடிச்சவன் புத்திசாலி. எங்க ஆளுங்க அவனுக்கே அப்பன். ஒரு பட்டன் இடுக்குல மரக்குச்சியைச் செருகி, அமுங்கினபடியே நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகட்டுக்கு. மணிக்கு முந்நூறு வர்ற இடத்துல நானூறு கீல் விழும். சீக்கிரம் முடிச்சுட்டு, கடைசி ஒரு மணி நேரம் காலை நீட்டி உக்காரலாம். ஃபோர்மேனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கிறதில்ல.

எங்களுக்குள்ள ஒரே ஒரு கட்டுப்பாடுதான். ஸ்டாப்வாட்ச்சோட ஆள் வந்து பக்கத்துல நின்னா, குச்சியை எடுத்துடணும். இடுப்பு பிடிச்ச கிழவன் மாதிரி வேலை பார்க்கணும். அவர் எந்த வேகத்தைக் குறிச்சுட்டுப் போறாரோ, அதுதான் அப்புறம் எல்லாருக்கும் இலக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே ஒவ்வொருத்தன் காதுலயும் இதை ஓதிடுவோம்.

அதை மீறினவன் என் தங்கச்சி புருஷன். ஆறாம் நம்பர் ஓட்டுறவன். ஷாப்புல எல்லாரும் மின்னல்னுதான் கூப்பிடுவாங்க. கெட்டவன் இல்ல. நாலு பேர் பார்த்தா அவனுக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் ஸ்டாப்வாட்ச்சோட வந்தார். "இந்த மெஷின்ல முந்நூறுக்கு மேல வராதாமே"ன்னு ஒரு வார்த்தை விட்டார். தூண்டில்னு பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரியும். இவன் கபக்குனு கவ்விட்டான். குச்சியைக் கூட எடுக்காம ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினான். நானூத்தி இருபது. அவர் கைகுலுக்கிட்டுப் போனார். குச்சியைப் பார்க்கலையான்னு கேக்காதீங்க. அதையெல்லாம் பார்க்காம இருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

மறு வாரம் நோட்டீஸ் போர்டுல நானூத்தி இருபது, எல்லாருக்கும். எட்டு பேருக்கு மெமோ வந்தது. மூணாம் நம்பர் ஓட்டுற அக்கா எழுந்து போக நேரமில்லாம மூத்திரத்தை அடக்கி அடக்கி, காய்ச்சல்ல படுத்தாங்க. "எல்லாம் உங்க மாப்ள பண்ணின கூத்து"ன்னு என் முகத்துக்கு நேராவே சொன்னாங்க. நான் மேனேஜர்கிட்ட ஆறு தடவை நடந்தேன். ஆறு தடவையும் ஒரே பதில்: "ஒருத்தனால முடியுதே. அவனுக்கும் ரெண்டு கைதானே இருக்கு?"

ஆறாவது தடவை படியிறங்கி வர்றப்ப எனக்கு விஷயம் புரிஞ்சுது. நிர்வாகத்துக்கிட்ட நியாயம்னு ஒண்ணும் கிடையாது. ஆதாரம்னு இருக்கிறது அந்த ரெண்டு கை மட்டும்தான். ஆதாரம் போயிட்டா வழக்கு நிக்காது. உங்களுக்குத் தெரியாததா ஐயா. கோவத்துல செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நான் ரொம்ப நிதானமா யோசிச்சேன்.

அந்தச் சமயம் ஆறாம் நம்பர்ல கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. ஒரு தடவை அமுக்கினா சில நேரம் அச்சு ரெண்டு தடவை இறங்கும். முதல் அடி விழுந்து, கீலை எடுக்கக் கை உள்ள போற நேரத்துல, சொல்லாம கொள்ளாம இன்னொரு அடி. நானேதான் கண்டுபிடிச்சு, 'ஓட்டாதே'ன்னு சிவப்பு அட்டை மாட்டினேன். அவனை வேற பிரஸ்ல உக்கார வச்சாங்க. புது ஸ்பிரிங் திங்கக்கிழமை மத்தியானம் வந்தது. மாட்ட இருபது நிமிஷம் போதும். டிராயர்ல வச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில ஷிப்ட் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அட்டையைக் கழட்டினேன். அட்டை இல்லேன்னா மெஷின் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். கழட்டுற அதிகாரம் ஃபிட்டருக்கு மட்டும்தான். அந்த வகையில நான் எந்த விதியையும் மீறல.

"மாப்ள, ஆறாம் நம்பர் ரெடி"ன்னேன்.

"நீங்க பார்த்துட்டீங்கன்னா அப்புறம் என்ன மச்சான்"னு சொல்லிட்டு உக்கார்ந்தான்.

ஒரு விரல், மிஞ்சிப்போனா ரெண்டு போகும்னு நினைச்சேன். அதுல என் கணிப்பு தப்பு, ஒத்துக்கறேன். வலது கையில கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். அப்ப மணி ஒன்பது பத்து. நான் எட்டாம் நம்பருக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். அவன் கத்தல. "மச்சான், மெஷினை நிறுத்துங்க"ன்னான். நிறுத்தினேன். என் சட்டையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டேன். ஆம்புலன்ஸ்ல கூடப் போனதும் நான்தான். அதையும் எழுதிக்கங்க.

மத்தியானமே வேலைநிறுத்தம். யாரும் யாரையும் வற்புறுத்தல. நூத்தி எண்பது பேர்ல ஒருத்தன் கூட உள்ள நிக்கல. "இந்த இலக்கு நம்ம ஆள் கையைத் தின்னுடுச்சு"ன்னு கேட் முன்னாடி பேசினேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே. பன்னிரண்டாவது நாள் மேனேஜர் இறங்கி வந்தார். இலக்கு முந்நூத்திப் பத்து. எல்லா பிரஸ்ஸுக்கும் கம்பி வலைத் தடுப்பு. மூணாம் நம்பர் அக்கா, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி"ன்னு அழுதாங்க. ஒரு கை போச்சு, முந்நூத்தி ஐம்பத்தொன்பது கை பொழைச்சுது. நீங்களே சீர்தூக்கிப் பாருங்க. மெஷினைச் சரியா கவனிக்கலைன்னு பழி விழுந்து ஃபோர்மேனுக்கு வேலை போனதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா அவர் இருந்து யாருக்கு என்ன பண்ணினார்?

மாப்ளையை இப்ப கேட்ல உக்கார வச்சிருக்காங்க. இடது கையால திறந்து மூடுறான். வீட்டுல தங்கச்சிதான் சட்டைப் பட்டன் போட்டுவிடுறா, சோறு பிசைஞ்சு கொடுக்குறா. "அண்ணே, நீ மட்டும் இல்லேன்னா கம்பெனிக்காரன் எங்களை நடுத்தெருவுல விட்டிருப்பான்"னு கண்ணைத் துடைச்சுக்குறா. நான் சாப்பிட்டுட்டுச் சட்டுனு கிளம்பிடுவேன். யாராவது நன்றி சொன்னா எனக்குக் கூச்சமா இருக்கும்.

பகை ஏதாவதான்னு கேக்குறீங்க. சத்தியமா இல்ல. எங்க அம்மா கூட, நான் பக்கத்துலயே உக்கார்ந்திருப்பேன், ஒரு பல்பு மாத்தணும்னாலும் அவனைத்தான் கூப்பிடுவாங்க. "இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மாப்ள மாத்திட்டுப் போயிடுவாரு"ன்னு சிரிப்பாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். இதெல்லாம் ஒரு பகையா?

ஒண்ணு விட்டுப் போச்சு. சங்க ஃபைலை எடுத்திருக்கீங்கல்ல, அதுல கடைசிக் காகிதத்தைப் பாருங்க. அவன் கையெழுத்துதான். திங்கக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்கு வந்து கொடுத்தான். அன்னைக்கு பட்டன்ல குச்சி செருகித்தான் ஓட்டினேன், அந்த நானூத்தி இருபது செல்லாதுன்னு எழுதியிருக்கான். "என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும் மச்சான். நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடுறேன். வேலை போனா போகட்டும். நீங்க கூட வாங்க, அது போதும்"னான். "சரி மாப்ள, பத்து மணிக்குப் போவோம்"னேன்.

பாதுகாப்பை மீறி எடுத்த கணக்குன்னு எழுத்துல வந்துட்டா எந்த மேனேஜரும் ஒரு நாள் தாங்க மாட்டார். அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தா அன்னைக்கே இலக்கு குறைஞ்சிருக்கும் ஐயா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அவன் வாங்கிக் கொடுத்ததாத்தானே எல்லாரும் பேசியிருப்பாங்க. சங்கம் வாங்கிக் கொடுத்ததா இருந்திருக்காதே.